ஆயில் இல்லாத மிஷின்

ஜூன் 9, திங்கள்

வெல்டிங் மிஷின் மறுபடியும் நின்றுவிட்டது.

பாதி ராடு வரைக்கும் அருமையாக ஓடியது. அப்புறம் ராடு நுனியில் எரியும் ஆர்க் இரண்டு தடவை விக்கியது, தும்மியது, செத்துப்போனது. ராடு இரும்புப் பட்டையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரோடு சேர்த்துப் பிடுங்கினேன். மிஷினின் பச்சை விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்டது. ஆள் போய்விட்டார், நாடி மட்டும் நன்றாக இருக்கிறது என்பது போல.

பழைய இரும்புக்கடையில் வாங்கும்போது கடைக்காரர் அரை விரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் வைத்துக் காட்டினார். "பாத்தியாம்மா, வெண்ணெய் மாதிரி போகுது." அரை விரல் நீளத்துக்கு எந்த மிஷினும் வெண்ணெய்தான். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு எல்லா மாப்பிள்ளையும் நல்லவனாக இருப்பது போல.

திருப்பிக் கொண்டுபோனால் என்ன சொல்வார் என்றும் தெரியும். "இங்க ஓடிச்சுல்ல? அப்ப உன் வீட்லதான் கோளாறு."


ஜூன் 10, செவ்வாய்

எங்கள் வீடு கீழே. வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா மேலே. கார் வாங்குவோம் என்று அவர்கள் நம்பிக் கட்டிய ஷெட் ஒன்று பின்னால் இருக்கிறது. கார் வரவில்லை. நான் வந்தேன். தகரக் கூரை, ஒரு மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், இந்த மிஷின். இதற்குப் பெயர் பட்டறை.

இன்று வீட்டம்மா மாடிப்படியில் நின்று கேட்டார்: "ஏம்மா, நீ கீழ பொறி விடுறப்பல்லாம் மேல என் டிவி கண்ணு சிமிட்டுது."

"கொஞ்ச நேரந்தாம்மா."

"கொஞ்ச நேரந்தான், அதான் தெரியுதே. அப்புறம் டிவி நல்லா ஓட ஆரம்பிச்சுடுது. சரி, உன் மிஷினு படுத்துருச்சுன்னு நானே புரிஞ்சுக்குவேன்."

என் தொழிலைக் கூர்ந்து கவனிக்கிற ஒரே ஆள்.


ஜூன் 12, வியாழன்

பழைய முதலாளி தெருவில் எதிரே வந்தார். கேட் கிரில் பட்டறை முதலாளி. "என்னம்மா, திரும்ப வர்றியா? பெயிண்டுக்கு ஆள் இல்ல."

பெயிண்டுக்கு. அவர் பட்டறையில் நான் இருந்த காலம் முழுக்க பிரைமர் அடித்தேன், கிரைண்டிங் பிடித்தேன், வெல்டிங் மேல் படியும் கசடு தட்டினேன். ஹோல்டரைத் தொட்டதில்லை. ஒரு தடவை கேட்டதற்குச் சொன்னார்: "உனக்குத் தெரியாதுன்னு சொல்லல. கஸ்டமர் வந்து பாத்தா என்ன நினைப்பான்?" என்ன நினைப்பான்? கேட் இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நடந்துபோய்விடும் என்று நினைப்பானா?

தொழிற்பயிற்சியில் நான் வைத்த ஜாயிண்டை வைஸில் பிடித்துச் சம்மட்டியால் மடக்கினார்கள். மடங்கியது. உடையவில்லை. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறேன். சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் தூங்குகிறது. துண்டுக்காவது வேலை கிடைத்திருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன் முதலாளியிடம். ஏன் அப்படிச் சொன்னேன்? மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே?

மிஷின் ஓடியிருந்தால் சொல்லியிருப்பேன்.


ஜூன் 15, ஞாயிறு

வெளிநாட்டு வேலைக்குப் போன என் வீட்டுக்காரன் போன் செய்தான். ஞாயிறு மதியம் மட்டும்தான் வரும். வேறு நாட்களில் ஷிப்டு என்பான்.

இரண்டு வருடமாகப் பேச்சு தேய்ந்துகொண்டே வந்து "சாப்பிட்டியா, சாப்ட்டேன், உடம்பு எப்படி, இருக்கு" என்று ஆகிவிட்டது. அப்புறம் இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். மிஷின் வந்த பிறகு பேச ஒன்று கிடைத்திருக்கிறது. கோளாறு வாழ்க.

நடந்ததைச் சொன்னேன். அங்கே கப்பல் பட்டறையில் இதே மாதிரி சின்ன இன்வெர்ட்டர் மிஷின் வரிசையாக இருக்குமே, தினம் பிடிக்கிறவனுக்குத் தெரியாதா.

"வீட்டுக் கரண்ட் பத்தாது, கிரைண்டர்" என்றான்.

என்னை அப்படித்தான் கூப்பிடுவான். பயிற்சிக் கூடத்தில் பசங்கள் வைத்த பெயர். ஒரு விஷயத்தைப் பிடித்தால் தேய்த்துக்கொண்டே இருப்பேனாம். அவனுக்கு வைத்த பெயர் காது. திரும்பி நின்றுகொண்டே, இப்போது வெல்டிங் வைப்பது யார் என்று சத்தத்தை வைத்துச் சொல்வான். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தப் பந்தயத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்தது. வீட்டில் இன்னும் வேறு காரணம் இருக்கும் என்று தேடுகிறார்கள்.

ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். போடாவிட்டால் வீடு.

"வந்துடுடா" என்றேன்.

"முதல்ல மிஷின் ஓடட்டும். ஓடுச்சுன்னா வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்."

ஆக, என் வீட்டுக்காரன் வருவதும் வராததும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.


ஜூன் 17, செவ்வாய்

மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆர்க் ஓடும்போது கரண்ட் கொஞ்சம் இறங்குகிறது, அவ்வளவுதான். டிவி சிமிட்டும் அளவுக்கு. மிஷின் சாகும் அளவுக்கு இல்லை. அவன் சொன்னது தப்பு. சரி, எல்லோரும் முதலில் கரண்ட் மேல்தான் பழி போடுவார்கள்.


ஜூன் 22, ஞாயிறு

"அப்படின்னா கெப்பாசிட்டர்" என்றான் இன்று. போன வாரம் கரண்ட், இந்த வாரம் கெப்பாசிட்டர்.

மூடியைக் கழற்றினேன். முதலில் வந்தது தூசி. கரியும் இரும்புத் தூளும் சேர்ந்து, பூனையின் முதுகு மாதிரி ஒரு போர்வை. சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தேன். உள்ளே பச்சைப் பலகை, செம்புச் சுருள், அலுமினியப் பட்டைகள், டப்பா டப்பாவாகக் கெப்பாசிட்டர்கள். எதுவும் உப்பவில்லை, கசியவில்லை, கருகவில்லை. மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தேன். எரிந்த நாற்றம் இல்லை.

போனில் சொன்னேன்.  "அப்ப போர்டுதான் போயிருக்கும். அது கிடைக்காது. வந்த கடைக்கே குடுத்துடு."

போர்டு போயிருந்தால் பாதி ராடு எப்படி ஓடும் என்று கேட்டேன்.

"ஓடும், சில நேரம்."

தொழில் தெரிந்தவன் சொல்கிறான். நான் பிரைமர் அடித்தவள். வாயை மூடிக்கொண்டேன்.


ஜூன் 25, புதன்

இன்று யாரிடமும் பேசவில்லை. மாலையில் பால் பாக்கெட் வாங்கும்போது "ஒண்ணு" என்றேன். அதைக் கணக்கில் சேர்ப்பதா?


ஜூன் 29, ஞாயிறு

எழுதிவைக்க வேண்டும்.

"ஆயில் லெவல் பாத்தியா?" என்றான்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "இல்ல, ஆயில் குறைஞ்சாலும் சூடாயி நிக்கும். மூடியைத் தொறந்து பாரு" என்றான். கேலிக் குரலே இல்லை.

"எந்த மூடியடா?"

"மேல இருக்கும்ல."

"இதுல ஆயிலே கிடையாது. தோள்ல மாட்டிட்டுப் போற பெட்டிடா இது. ஃபேன்தான் குளிர வைக்குது."

"ஆமால்ல" என்றான். பிறகு, ஷிப்டு மாறுகிறது என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில்.


ஜூலை 1, செவ்வாய்

ஆயில். மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பயிற்சிக் கூடத்தில் இருந்தது ஆயில் மிஷின். பீப்பாய் அளவு, சக்கரம் வைத்தது, நாலு பேர் தள்ள வேண்டும். மேலே மூடி இருக்கும். மழைக்காலத்தில் எண்ணெயைப் பார்ப்பது எங்கள் வேலை. அவனும் நானும் தொட்ட மிஷின் அது ஒன்றுதான். அப்புறம் அவன் போய்விட்டான். இரண்டு வருடமாகத் தினமும் பெட்டி மிஷினில் வேலை செய்கிறவன் வாயில் ஆயில் எப்படி வரும்? பல் டாக்டர் லாடம் அடிக்கச் சொல்வது போல இருக்கிறது.

தூக்கக் கலக்கமாக இருக்கும்.

இல்லையென்றால், வேண்டுமென்றே சொல்கிறானா? மிஷின் ஓடக் கூடாது என்று? ஓடினால் வருகிறேன் என்றானே.


ஜூலை 4, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

அவனிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்த பிறகு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கூடத்தில் ஆர்க் சரியில்லை என்றால் நாங்கள் முதலில் என்ன செய்வோம்? மிஷினை நிறுத்திவிட்டுக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போவோம், கன்றுக்குட்டியைத் தடவுவது மாதிரி. எந்த இடம் சுடுகிறதோ அந்த இடத்தில் இணைப்பு சரியில்லை. கரண்ட் திணறும் இடம் சுடும். இதை எல்லாரையும் விட வேகமாகச் செய்கிறவன் அவன்தான். இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

சாகும் வரை மிஷினை ஓட்டினேன். நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஹோல்டரிலிருந்து தடவிக்கொண்டு வந்தேன். கேபிள் வெதுவெதுப்பு. இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் வெதுவெதுப்பு. மிஷினின் முகத்தில் எர்த் கேபிள் சொருகும் பித்தளைத் துளை — விரலை வைத்ததும் கையை உதறிக்கொண்டேன்.

ஆற விட்டு, முன் தகட்டைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு. உள்ளே எவனோ முன்னால் பழுது பார்த்திருக்கிறான். செம்புப் பட்டைக்கும் பித்தளைக்கும் நடுவில் சாதாரண இரும்பு வாஷர், அதுவும் பெயிண்ட் அடித்த வாஷர். பெயிண்ட் எரிந்து, வாஷர் மயில் கழுத்து நிறத்துக்கு நீலம் பாய்ந்திருக்கிறது. அதன் மேல் போல்ட்டை இறுக்கி, வேலை முடிந்தது என்று மூடியிருக்கிறான். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ ஒட்டிக்கொண்டு கரண்ட் போகும். சூடானதும் விட்டுவிடும். பாதி ராடு!

கெப்பாசிட்டரும் இல்லை, போர்டும் இல்லை. ஒரு வாஷர். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒருவன் நினைத்தது.

செம்புப் பட்டையை உப்புத் தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பித்தளை போல்ட், பித்தளை வாஷர், நேரடியாகச் செம்போடு பித்தளை. இறுக்கினேன். மூடினேன்.

ஒரு முழு ராடு. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது ராடின் அடிக்கட்டை விரலைச் சுடும் வரை ஓட்டினேன்.

மேலேயிருந்து குரல்: "டிவி பாக்க முடியலம்மா! நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா!" என்று கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. பழக்கம் விட்டுப்போச்சு, கத்துவதற்கு.


ஜூலை 5, சனி

நாள் முழுக்க வெல்டிங். எதற்கென்று இல்லை, சும்மா துண்டுகளை ஒட்டினேன். சட்டையின் மேல் பட்டன் அறுந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு முக்கோணம், வெந்த தோல். ஆர்க் வெளிச்சம் வெயிலை விட மோசம். கூடத்தில் அவனுக்கு எப்போதும் இருக்கும் இது. மேல் பட்டனைப் போடவே மாட்டான். உரிந்து, கறுத்து, மறுபடி சிவந்து, கடைசியில் மச்சம் மாதிரி தங்கிவிட்டது. முன்கையில் பொறி பட்ட புள்ளிகள், எறும்பு ஊர்ந்தது போல.

நாளைக்குக் காட்ட வேண்டும். "பாரு, நானும் வெல்டர்."


ஜூலை 6, ஞாயிறு

வீடியோவில் வா, மிஷினைக் காட்டுகிறேன் என்றேன். நெட் சரியில்லை என்றான். வழக்கமான பதில். விடவில்லை. ஒருவழியாக வந்தான்.

காட்டினேன். வாஷரைக் காட்டினேன். கழுத்தைக் காட்டினேன்.

"நல்லா பாரு, ஓடுதேன்னு ஏமாந்துடாத. ரெண்டு நாள் ஓடும், அப்புறம் நிக்கும்" என்றான். சந்தோஷப்பட்டானா? சந்தோஷப்படுகிறவன் மாதிரி சிரித்தான்.

பிறகு சொன்னான்: "கையெழுத்துப் போட்டுடலாமான்னு யோசிக்கிறேன். இன்னும் ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள..."

நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பனியனோடு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக, பள்ளிக்கூடப் பையன் கழுத்து மாதிரி. முன்கையில் ஒரு புள்ளி இல்லை. முகத்தைத் துடைத்தபோது விரல்களைப் பார்த்தேன். நுனி எல்லாம் வெளுத்து, சுருங்கி, தோல் உரிந்திருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த கை.


ஜூலை 7, திங்கள்

எத்தனை பட்டன் போட்டாலும், எந்த உறை மாட்டினாலும், வெல்டர் கை அப்படி இருக்காது.


ஜூலை 9, புதன்

என்னென்னவோ தோன்றுகிறது. வேறு யாரோடாவது இருக்கிறானா. ஜெயிலில் இருந்தானா. நோயா.  மிஷின் மூலையில் சரியாகி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடவே இல்லை. கெட்டுப்போயிருந்தபோது அதுவும் நானும் எவ்வளவு நெருக்கமாக இருந்தோம்.


ஜூலை 13, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"எங்கடா வேலை பாக்கற?"

"என்ன கேள்வி இது?"

"கழுத்துல தழும்பு எங்கடா போச்சு?"

அவன் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. 

"துணி வெளுக்கறேன்" என்றான். "ஆஸ்பத்திரித் துணி. பெரிய பெரிய மிஷின்ல போட்டு எடுத்து, ஷீட்டு மடிக்கணும். ரத்தமா இருக்கறதை மட்டும் முதல்ல கையால அலசணும்."

"எப்பலேருந்து?"

"வந்த மறுநாள்லேருந்து."

"கப்பல் பட்டறை?"

"தூரத்துல தெரியும். மொட்டை மாடிக்குப் போனா பொறி பறக்கறது தெரியும்."

வெல்டருக்கு இப்போது இடமில்லை, இரண்டு மாதம் இதைப் பாருங்கள் என்றார்களாம். இரண்டு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், ஒப்பந்தம் முடிந்தால்தான் தருவார்களாம்.

"அப்ப ஏன்டா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்கு வைத்தியம் சொன்ன?"

"நீ கேட்ட."

"தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"என்னை வெல்டர்னு நினைச்சு ஒரு ஆள் கேக்குது, கிரைண்டர். இங்க அப்படி யாரும் கேக்கறதில்ல." மூச்சு வாங்கினான். "தெரியாமத்தான் சொன்னேன். ஆனா அது சரியாயிடக் கூடாதுன்னும் உள்ள இருந்துச்சு. சரியானா நான் வரணும். வந்தா ஹோல்டரைக் கையில குடுப்ப. கை போச்சுடி. அன்னிக்கே தெரிஞ்சுடும் உனக்கு."

நான் போனை வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன்.


ஜூலை 14, திங்கள்

அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜெண்ட் அன்றைக்கு எங்களை வரிசையாக நிற்க வைத்து டெஸ்ட் எடுத்தான். பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். நானும் போயிருந்தேன். என் ஜாயிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா லேடீஸுக்கு விசா இல்லம்மா" என்றான். அத்தனை ராடு எரித்து, கண் எரிந்து, பாஸ் ஆகி — துணி துவைக்க! துணி துவைக்க எதற்குடா டெஸ்ட்? எங்கள் இரண்டு பேர் நடுவில் எவனோ பெயிண்ட் அடித்த வாஷரை வைத்து இறுக்கிவிட்டுப் போய்விட்டான். வெளியே எல்லாம் புதுசு. உள்ளே வேகிறது இவன். பாதி ராடு, பாதி ராடு என்று இரண்டு வருடம்.

அவன் மேலும் கோபம்தான். துணி துவைக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன சிரித்திருப்பேனா? நான் பிரைமர் அடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் ஒரே சான்றிதழ் வாங்கி, ஒருத்தி பெயிண்டுக்கும் ஒருத்தன் சோப்புக்கும் போனோம். சிரிக்க இதில் யாருக்கு உரிமை இருக்கிறது?

அவன் அம்மா எல்லோரிடமும் "எம்பையன் கப்பல் ஒட்டுறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை எப்படி இறக்கி வைப்பான். அதுவும் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விட வேண்டுமா என்ன?


ஜூலை 16, புதன்

முதல் வேலை. வீட்டம்மாவின் மாடிப்படிக்குக் கைப்பிடி. பழையது துருப்பிடித்து ஆடுகிறது.

"உன் வீட்டுக்காரர் வந்தப்புறம் செஞ்சுக்கலாம்மா, அவரு கப்பல்லாம் பாத்தவரு."

"நானே செய்றேம்மா."

"நீயா? நான் சாயணும்மா அதுல. எடை தெரியும்ல?"

"மொத்தக் குடும்பமும் சாயலாம்."

"குடும்பம் எங்க இருக்கு சாய்றதுக்கு" என்று சிரித்தார். பிள்ளைகள் எல்லாம் வேறு வேறு ஊரில். அப்போதுதான் தோன்றியது, பகல் முழுக்க அந்த டிவி எதற்கு ஓடுகிறது என்று.


ஜூலை 20, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே கைப்பிடிக்குக் குழாய் அறுத்ததில் ஒன்று கட்டையாகப் போய்விட்டது.


ஜூலை 22, செவ்வாய்

கைப்பிடி முடிந்தது. வீட்டம்மா முதலில் ஒரு விரலை வைத்தார், பிறகு கையை, பிறகு முழுசாகச் சாய்ந்தார். "அசையலயே" என்றார், என்னவோ ஏமாந்துபோனவர் மாதிரி.

பெயிண்ட் அடிக்கும்போது கை கூசியது. ஆனால் இது என் வெல்டிங் மேல் நான் அடிக்கிற பெயிண்ட்.

பழைய முதலாளியிடம் போய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "ஏம்மா, வேற எங்கயாவது சேந்துட்டியா?" என்றார். "ஆமா" என்றேன்.


ஜூலை 27, ஞாயிறு

வந்தது. எடுத்தேன்.

"மிஷின் ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

"இன்னிக்கு என்ன துவைச்ச?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவனும் அப்படியே எடுத்துக்கொண்டு சொன்னான். குழந்தைகள் வார்டுத் துணி. படம் போட்ட ஷீட்டு. அதை மடிக்கும்போது மட்டும் அவசரப்பட மாட்டானாம்.

பிறகு சொன்னான்: "ஒரு ராடு எரிச்சுக் காட்டேன்."

"வீடியோ போடவா?"

"வேணாம். சத்தம் போதும்."

போனைக் கவிழ்த்த வாளியின் மேல் வைத்தேன். ஒரு பட்டையைப் பிடித்து, ஹெல்மெட்டை இறக்கி, ஒரு ராடு முழுசாக, நிறுத்தாமல் எரித்தேன். நன்றாகத்தான் போனது. எண்ணெயில் ஏதோ சீராகப் பொரிவது போல ஒரே சத்தம். முடித்ததும் போனை எடுத்தேன்.

"கேட்டுச்சா?"

 

"முக்கால்வாசி நல்லா இருந்துச்சு" என்றான் மெதுவாக. "கடைசில ராடைத் தூக்கிட்ட. ஆர்க் நீண்டுருச்சு."

"அதெல்லாம் இல்ல."

"தட்டிப் பாரு."

தட்டினேன். கசடு உதிர்ந்தது. கடைசி அரை விரல் நீளம் அகலமாகப் பரவி, ஊசி குத்தியது போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். இன்னும் சூடு.

"ஆமாடா" என்றேன்.

  இருவரும் போனை வைக்கவில்லை. நான் அந்த ஓட்டைகளைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்து, மறுபடி வெல்டிங் வைத்தேன். அதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.


ஜூலை 31, வியாழன்

இன்று கடைசி நாள். கையெழுத்துப் போட்டானா இல்லையா தெரியாது. கேட்கவில்லை. "வா" என்றுகூடச் சொல்லவில்லை இந்தத் தடவை. சொன்னால், எனக்காக வந்ததாக ஆகிவிடும்.

போன் வரவில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

வரவில்லை.


ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டு ஜன்னலுக்குக் கிரில். கேட்டவர் மூன்று தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வெல்டர் எப்ப வருவாரு?" என்றார். "வந்துட்டாரு" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

நல்ல பதில்தான். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.


ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் வீட்டம்மா கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, டிவி இந்தத் துள்ளு துள்ளுது? வெட்டி வெட்டி வருது. ஒரு மாசமா ஒரே சீராத்தானே சிமிட்டிட்டு இருந்துச்சு, மிஷினு மறுபடி படுத்துருச்சா?"

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு."

"அப்புறம்?"

"ராடு ஒட்டிக்குது."

"உனக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் ஷெட்டுக்குள்ளிருந்து உரசும் சத்தம், ஒட்டும் சத்தம், பிடுங்கும் சத்தம், கூடவே ஒரு கெட்ட வார்த்தை. ஆண் குரலில்.

வீட்டம்மா என்னையே பார்த்தார். பிறகு, "டிவி எங்க ஓடிடப் போகுது" என்று உள்ளே போனார். டிவியை அணைத்த சத்தம் கேட்டது.

நேற்று வந்ததிலிருந்து நாங்கள் அதிகம் பேசவில்லை. அவன் இன்னும் தெருப்பக்கம் போகவில்லை. தன் அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. ஷெட் கதவைச் சாத்திக்கொள்கிறான். முட்டுக் கொடுத்திருந்த என் துண்டை எடுத்து, மடங்கிய இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஒட்டவைத்துப் பிடுங்கிய தழும்புகளை எல்லாம் தேய்த்து எடுக்கக் கிரைண்டரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டையில் மேல் பட்டனைப் போடாமல் குனிந்திருந்தான். போட்டுக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை.